துரை படகுக்கு கிளாண்டுக் கயிறு

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. கிளாண்டு வேலை என்பது ஒழுகலோடு குடித்தனம் நடத்துகிற வேலை. ஒழுகல் தூரத்தில் இருக்கிறவன் காதில் விழாது. உங்களிலேயே ஓட்டைக் கூரை, விரிசல் விட்ட பானை, அடைக்க அடைக்கச் சொட்டுகிற குழாய் என்று எதையாவது வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும் எனக்கு உறவு முறைதான்.

முதலில் கிளாண்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தண்ணி இருக்கிற இடத்துக்குள் ஒரு கம்பி போய்வந்துகொண்டிருந்தால், கம்பி போகிற ஓட்டை வழியாகத் தண்ணியும் வந்துவிடும். அதற்காக ஓட்டையைச் சுற்றி ஒரு கிண்ணம் வைத்து, கம்பிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கொழுப்புத் தடவிய கயிற்றைத் திணித்து, மேலே மூடி போட்டு, இரண்டு நட்டால் இறுக்குவோம். அந்தக் கிண்ணம்தான் கிளாண்டு. உள்ளே இருக்கிற கயிறு தேயும், புதுசு போடணும். மாரிகுப்பத்துப் பக்கம் ஒரு தங்க மைனில் பூமிக்கு அடியில் பதினோரு வருஷம் பம்புகளுக்கு இந்தக் கயிறு போட்டவன் நான். காவேரித் தண்ணியில் உண்டாக்கின கரண்டு நம்ம ஊருக்கு வருவதற்கு முந்தின காலம். மேலே நீராவி இஞ்சின், கீழே பம்பு, நடுவில் பனைமரம் பனைமரமாக நீண்ட கம்பி, மேலும் கீழும், மேலும் கீழும்.

துரை சொன்ன பேச்சு

எங்கள் மைனில் ஆபீஸ் துரை என்று ஒருவர் இருந்தார். மிஷின் தெரியாது, பேப்பர் தெரியும். எந்த ஆள் குழிக்குள் எத்தனையாவது அடுக்கில், எந்த லெவலில் வேலை செய்யணும், எவன் மேலே, எவன் கீழே என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். மெட்ராஸில் யாரோ கழித்துவிட்ட ஒரு பழைய பாய்மரப் படகை அவர் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். ரயிலில் வந்து இறங்கி, மூன்று ஜோடி மாடு கட்டின வண்டியில் பேத்தமங்கலம் ஏரிக்குப் போனது. பாய் போக, காற்று இல்லாத நாளைக்கென்று அதன் நடுவில் ஒரு குட்டி ஸ்டீம் இஞ்சின். இஞ்சினிலிருந்து ஒரு பித்தளைத் தண்டு படகின் பின்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், தண்ணிக்குள் ஒரு விசிறியைச் சுற்றும். துரைகள் அந்தத் தண்டையும் ஷாப்ட் என்பார்கள். நமக்கு ஷாப்ட் என்றால் மைன் குழி. குழப்பம் வேண்டாம், நான் தண்டு என்றே சொல்கிறேன்.

ஏரியில் இறக்கின அன்றே, தண்டு போகிற ஓட்டை வழியாகத் தண்ணி புகுந்து துரையின் பூட்சு நனைந்தது. நீலகிரிக்குப் போயிருந்த துரைசானி குழந்தையோடு திரும்பி வருவதற்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் படகு சரியாகணும். கிளாண்டுக்காரன் எவன் என்று கேட்டு, என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

எனக்கு அந்தச் சமயத்தில் ஒரே ஒரு ஆசை, மேலே வந்துவிடணும். அந்த வருஷம்தான் எங்கள் லெவலில் பாறை தானாக வெடித்து, பக்கத்துப் பம்பில் இருந்தவனை மூடிவிட்டது. அதிலிருந்து நான் ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டில், அந்தக் கேஜில் ஏறிக் கீழே போனால், திரும்பி வருகிறவரைக்கும் என் சம்சாரம் முனியம்மா வாசல்படியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். கம்பெனி கட்டின லைன் வீட்டில் எல்லாரும் அவளைக் கேலி பண்ணுவார்கள். எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். என் மனசில் இருந்ததை யார் போய் அவரிடம் சொன்னார்களோ, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கன்னியப்பா, படகு ஒழுகாது, நீ மேலே வேலை. படகு ஒழுகுது, நீ கீழே."

ஸ்டோரில் கிடைத்தது

ஒர்க்‌ஷாப் மேஸ்திரி சவரிமுத்து. கை சுத்தம், வாய் சுத்தம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசை. அவருக்கும் ஒரு மச்சான் கீழே வேலையில் இருந்தான். மேலே ஒரே ஒரு இடம் காலி. அது எனக்குக் கிடைத்தால் மச்சானுக்கு இல்லை. அவர் இதை வாயால் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் படகு வேலைக்கு அவரும் கூடவே வந்தார்.

ஸ்டோரிலிருந்து அவர் எடுத்துவந்தது ரப்பரும் கான்வாசும் சேர்த்து ஒட்டின சீமைக் கயிறு. கொதிக்கிற ஸ்டீமையே தாங்கும் சரக்கு. பார்க்க அழகு, தொட்டால் கட்டை. எனக்கு உள்ளே சரிப்படவில்லை. பம்புக் கம்பி இரும்பு, இந்தத் தண்டு பித்தளை. அதுவும் கிழட்டுப் பித்தளை. பழைய கயிறு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த இடத்தில் தேய்ந்து தேய்ந்து தண்டுக்கு இடுப்பு விழுந்திருந்தது. விறைத்த கயிறு நேராகத்தான் நிற்கும். இடுப்பு வளைவில் போய் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் தண்ணி வரும், ஒட்டின இடத்தில் பித்தளையை அறுக்கும். இதை நான் மெதுவாகச் சொன்னேன். மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாட்டைக் கட்டிப் படகைக் கரைக்கு இழுத்து, சீமைக் கயிற்றையே போட்டோம். அரை நாள் கையால் தண்டைச் சுற்றிவிட்டுத் திறந்து பார்த்தால், பித்தளையில் சுற்றிலும் ஒரு கீறல், நகத்தை வைத்தால் நிற்கிற ஆழத்துக்கு. அதற்குப் பிறகு ரெண்டு நாள் தோல் வில்லையும் போட்டுப் பார்த்தோம். செருப்பு தைக்கிறவரிடம் சொல்லி வட்டம் வட்டமாக வெட்டி வாங்கினது. அது தண்ணியில் ஊறி அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. தண்டு திரும்ப மறுத்தது. தோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேறே கயிறு தேடலாமா என்று கேட்டேன். மேஸ்திரி தொடையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கம்பெனி ஸ்டோர்ல இல்லாத கயிறு உன் ஊட்டு உறியிலயா தொங்குது?"

பாம்பு போல வந்த கயிறு

அடுத்தது என் புத்திசாலித்தனம். இதை மறைக்காமல் சொல்லிவிடணும்.

மைனில் பம்புக்குப் போடுகிற சணல் கயிறு ஒன்றை எடுத்தேன். மிருதுவானது, ஆட்டுக் கொழுப்பில் ஊறினது, பதினோரு வருஷமாக என் கைக்குப் பழக்கமானது. அதைத் தண்டைச் சுற்றி, பாம்பாட்டிக் கூடையில் பாம்பு சுருண்ட மாதிரி, ஒரே கயிறாகச் சுற்றிச் சுற்றி உள்ளே திணித்து மூடியை இறுக்கினேன். எங்கள் பம்புக்கெல்லாம் அப்படித்தான் போடுவோம். எத்தனை கிளாண்டு, எத்தனை கயிறு, ஒருநாளும் கோளாறு வந்ததில்லை.

படகைத் தள்ளி, இடுப்பளவுத் தண்ணியில் ஒரு கம்பத்தில் கட்டி, மேஸ்திரி ஸ்டீமைத் திறந்தார். தண்டு சுற்ற ஆரம்பித்தது. எங்கள் பம்புக் கம்பி மேலும் கீழும் போகுமே தவிர சுற்றாது. அந்த ஒரு வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. சுற்றுகிற தண்டு கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டது. பிடித்து, தக்ளியில் நூல் ஏறுகிற மாதிரி, தன்மேல் சுற்றிக்கொண்டே உள்ளேயிருந்து உருவியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கு அடியிலிருந்து கயிறு நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. கயிறு இருந்த இடத்துக்கு ஏரி வந்தது. நான் மூடியைக் கையால் அமுக்கினேன். அதற்குள் படகு மெதுவாக உட்கார்ந்து, அடி தரையில் பட்டு நின்றது. நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணி. எனக்கு நீச்சல் தெரியாது.

கரையில் வெங்கடப்பா என்று ஒரு மீன்காரர், வலைக்கு நூல் முறுக்கிக்கொண்டு இருந்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுவார். ஒரு வாரமாக எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் வாய் திறந்தார். நான் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு கரையேறினபோது, நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"ஏமய்யா, உங்க ஊர்ல தண்ணி வெளிய போனா சரி, இங்க வெளியவே இருந்தாத்தான் சரி. தங்கம் தோண்டுறவங்களுக்கு அது தெரியாதா?"

முனியம்மா வைத்த காப்பு

ஒர்க்‌ஷாப்புக்குச் சணல் கயிறு பின்னிக் கொடுக்கிறது லைன் பொம்பளைகள்தான். அதில் முனியம்மா கை கொஞ்சம் கெட்டி. நான்கு பிரி எடுத்து, ஜடை மாதிரி தட்டையாக விழாமல், பெட்டி மாதிரி சதுரமாக வரும்படி பின்னுவாள். ஆகவே அவமானத்தை எடுத்துக்கொண்டு வேறு எங்கும் போகாமல் அவளிடமே வந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கயிறு எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது, எந்த நுனி முதலில் வந்தது என்றுதான் கேட்டாள். மறுநாள் நானும் ஏரிக்கு வர்றேன் என்றாள்.

வந்தவள் படகைப் பார்க்கவில்லை. வெங்கடப்பாவின் வலையைப் பார்த்தாள். ஒரு முனையை எடுத்து இழுத்தாள், கசக்கினாள், மூக்கில் வைத்துப் பார்த்தாள். வருஷம் முழுக்கத் தண்ணியில் கிடந்தும் உளுத்துப்போகாமல் இருக்குதே, இது இன்னா நாரு என்று கேட்டாள். சணப்பு நார் என்றார் அவர். நாங்கள் மைனில் போடுகிற கோணிச் சணல் நாலு மாசத்தில் அழுகும். கீழே மாதாமாதம் மாற்றுகிறோம் என்பதால் அது எங்களுக்குத் தெரியவில்லை. படகை மாதாமாதம் கரைக்கு இழுக்க முடியுமா? வெங்கடப்பா ஒரு கட்டு நூல் கொடுத்தார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உருக்கின ஆட்டுக் கொழுப்பில் ஊறவைத்து, சதுரமாகப் பின்னினாள். தொட்டால் வெண்ணெய், இழுத்தால் இரும்பு. கிழட்டுத் தண்டின் இடுப்பில் அது தானே போய்ப் படிந்தது.

கயிறு சரி, போடுகிற விதம்? அதற்கும் அவளே வழி சொன்னாள். ஒரே கயிறாகச் சுற்றினால்தானே தண்டு நுனியைப் பிடித்து உருவும்; துண்டு துண்டாக வெட்டி, தண்டைச் சுற்றி ஒவ்வொன்றும் ஒரு வளையமாக உட்காரும்படி போட்டுவிட்டால் எதைப் பிடித்து உருவும்? நான் உடனே ஒரு கேள்வி கேட்டேன். வளையத்துக்கு வெட்டின வாய் ஒன்று இருக்குமே, அத்தனை வாயும் வரிசையாக நின்றால் தண்ணி அதன் வழியாக வருமே என்றேன். அவள் எங்கள் மகளுடைய வாய்திறந்த வெள்ளிக் காப்பு மூன்றை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக விறகுக் குச்சியில் கோத்தாள். ஒன்றின் வாயைக் கிழக்கே திருப்பினாள், அடுத்ததை வடக்கே, மூன்றாவதைத் தெற்கே. குச்சியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நேர் வாசல் வெச்ச ஊட்லதான்யா நாய் முன்னால பூந்து பின்னால போவும். வாசலை மாத்தி மாத்தி வெச்சிப் பாரு, அது முட்டிக்கினு நிக்கும்."

யார் முதலில் ஏறுவது

வளையம் வளையமாக ஐந்து போட்டேன். வாய்கள் ஐந்தும் ஐந்து திசையில். மூடியை விரலால்தான் இறுக்கினேன், அப்புறம் நட்டுக்கு அரைத் திருப்பு. கம்பத்தில் கட்டி இஞ்சினை ஓட்டினோம். உட்காரவில்லை, உருவவில்லை. ஒரு சொட்டு, கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு சொட்டு, அவ்வளவுதான். அது கிளாண்டு மூச்சு விடுகிற அளவு. காயாமல், ஒழுகாமல், அப்படித்தான் இருக்கணும்.

இனி ஏரி நடுவில் ஓட்டிப் பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துரை வந்தார். அங்கேதான் மேஸ்திரி ஒரு வழக்கத்தைச் சொன்னார். அது அவர் கண்டுபிடித்ததில்லை. மைனில் கேஜுக்குப் புது இரும்புக் கயிறு கட்டினால், கட்டினவன்தான் முதலில் கேஜில் ஏறி இறங்கிக் காட்டணும். அதற்குப் பிறகுதான் மற்ற ஆளை ஏற்றுவார்கள். எல்லா மைனிலும் உண்டு, நியாயமான வழக்கம்தான். படகுக்கும் அதே வழக்கம், கன்னியப்பன் ஏறட்டும் என்றார். துரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கிளாண்டுக்குப் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார்.

நான் ஏரியைப் பார்த்தேன். ஏரி பெரிசாக இருந்தது. ஆயிரம் அடிக்குக் கீழே கேஜில் போகிறவனுக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். அவனுக்குத் தண்ணி என்றால் தனிப் பயம், ஏனென்றால் கீழே தண்ணி வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத்தான் தெரியும். மாட்டேன் என்றால் மேலே வேலை போச்சு. நான் ஒரு காலைப் படகில் வைத்தேன். மற்ற காலை வைப்பதற்குள் முனியம்மா என்னைத் தாண்டி உள்ளே ஏறி, சேலையை முழங்காலுக்கு வரிந்துகொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்த ஊர்க் கிணற்றில் மீன் மாதிரி நீந்தினவள். மேஸ்திரி அவளை இறங்கச் சொன்னார். அவள் துரையைப் பார்த்துக்கொண்டே மேஸ்திரிக்குப் பதில் சொன்னாள்:

"கட்டினவரு ஏறணும்னா பின்னினவளும் ஏறணும் இல்லீங்களா? வழக்கத்த பாதியில வுடக்கூடாதுங்க."

ஒரு சொட்டும் கூடாது

துரை சுக்கானைப் பிடித்தார், மேஸ்திரி இஞ்சின், நான் கிளாண்டு, அவள் என் முதுகுக்குப் பின்னால். ஏரி நடுவுக்கு வந்தோம். படகு நன்றாகப் போனது. எனக்குக்கூடக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அப்போது துரையின் கண் கிளாண்டில் பட்டது. ஒரு சொட்டு விழுந்தது. காத்திருந்தார். இன்னொரு சொட்டு விழுந்தது. சொட்டு வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம் என்றார். சொட்டு இருந்தால்தான் நல்லது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை சரியாக வரவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் லெவலும் கேஜும்தான்.

அதற்குள் மேஸ்திரி ஸ்பேனரோடு வந்துவிட்டார். அந்தப் படகு நட்டு பழைய அளவு, எங்கள் ஒர்க்‌ஷாப் ஸ்பேனர் எதுவும் அதில் உட்காராது. படகோடு வந்த அந்த ஒரே ஸ்பேனர்தான் உட்காரும். இரண்டு நட்டையும் பல்லைக் கடித்து இறுக்கினார். சொட்டு நின்றது. துரை அவரைத் தட்டிக்கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். கறிக்கடை வெயிலில் கிடக்கிற மாதிரி ஒரு வாடை. அப்புறம் கதவுக் கீல் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். இஞ்சின் திணறி, இருமி, நின்றேபோனது. தண்ணி நின்றதும் கயிறு காய்ந்து, தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கிளாண்டைத் தொட்டேன், விரல் கொப்பளித்தது. காற்றும் இல்லை, பாய் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. நான்கு பேரும் ஏரி நடுவில். மேஸ்திரி துரையிடம், கயிறு மோசம், மீன்காரன் நூல், இதைத்தான் அப்பவே சொன்னேன் என்றார். துரை என்னைப் பார்த்த பார்வையில், நான் திங்கட்கிழமை காலை கேஜில் ஏறுவது தெரிந்தது.

முனியம்மா குனிந்து, கைகொண்டமட்டும் ஏரித் தண்ணியை அள்ளி கிளாண்டின்மேல் ஊற்றினாள். சுர்ர்ரென்று ஆவி எழும்பியது. மறுபடி ஊற்றினாள், சத்தம் குறைந்தது. மறுபடி ஊற்றினாள், சத்தமில்லை. பிறகு துரையிடம் ஏதோ சொன்னாள். துரைக்குப் புரியவில்லை. மேஸ்திரியைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மேஸ்திரி யோக்கியமான ஆள், இதை நான் எங்கேயும் சொல்லுவேன்; தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிற அந்த வார்த்தையை, ஒன்று விடாமல் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். போன மாசம்தான் குளிர்ஜுரத்தில் பதினைந்து நாள் படுத்து எழுந்தவர் துரை. கேட்டதும் அவர் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. அவள் சொன்னது இதுதான்:

"வேர்வ நின்னா மனுசனுக்கு ஜுரம் வருதில்லீங்களா, இதுக்கும் அப்டித்தாங்க. வேர்க்க வுடுங்க."

ஸ்பேனர் எங்கே

துரை தலையாட்டினார். நான் நட்டைத் தளர்த்தி, தண்டைக் கையால் அசைத்து, மேஸ்திரியை ஸ்டீமைத் திறக்கச் சொன்னேன். இஞ்சின் ஓடியது, தண்டு சுற்றியது, சொட்டு விழுந்தது. முனியம்மா என்று ஒரு தரம் முழுசாகச் சொல்லி முடிக்கிற நேரத்துக்கு ஒரு சொட்டு. மேல் வளையம் ஒன்றுதான் கருகியிருந்தது, மற்ற நான்கும் பிழைத்துக்கொண்டன. கரைக்கு வந்து இறங்கினபோது துரை தன் பூட்சைக் குனிந்து பார்த்தார். காய்ந்தே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஏரிக்கரை மண்ணைத் தொட்டு நான் கண்ணில் ஒற்றிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். வெங்கடப்பா பார்த்துவிட்டார், சிரிக்காமல் இருந்தது அவர் பெருந்தன்மை.

ஆனால் மேலே வேலை? துரை, பார்க்கலாம், பார்க்கலாம் என்றார். இனிமேல் படகை ஒர்க்‌ஷாப்பே கவனித்துக்கொள்ளும், நம்மிடம் வேறே ஆள் இருக்கிறான் என்று மேஸ்திரி சொன்னது என் காதில் விழுந்தது. துரை அதற்கும் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்கிற வார்த்தையும் சொட்டு மாதிரிதான், எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது.

வண்டிப்பாதையில் திரும்பி நடந்தோம். பாதி வழியில் முனியம்மாவின் இடுப்பில் ஏதோ வெயிலுக்குப் பளபளத்தது. வீட்டுச் சாவியைச் செருகுகிற இடத்தில் படகு ஸ்பேனரைச் செருகி வைத்திருந்தாள். திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள், கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றேன். புதுக் கயிறு நாலு நாளில் அமுங்குமா அமுங்காதா என்று மட்டும் அவள் கேட்டாள். அமுங்கும், அமுங்கினால் சொட்டு அதிகமாகும், நட்டுக்கு இன்னும் ஒரு கால் திருப்பு வேணும் என்றேன். அது போதும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனர் அரிசிப் பானைக்குள் போனது. நான் திங்கட்கிழமை கேஜுக்குப் போனேன்.

வியாழக்கிழமை, ஷிப்டு பாதியில் இருக்கும்போது மேலேயிருந்து மணி அடித்து, கன்னியப்பனை ஏற்றியனுப்பு என்று செய்தி வந்தது. இந்த மாதிரிச் செய்தி வீட்டில் சாவு என்றால்தான் வரும். கேஜில் ஏறி வருகிற அந்த நேரம் முழுக்க நான் யார் யாரையோ நினைத்துக்கொண்டேன். மேலே வந்தால், ஆபீஸ் பியூன் கையில் ஒரு சீட்டோடு நிற்கிறான். இன்றையிலிருந்து கன்னியப்பனுக்கு வேலை மேலே, ஒர்க்‌ஷாப்பும் படகும் என்று துரை கையெழுத்து. பின்னால் வண்டி காத்திருக்கிறது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் என்னவென்று பியூன்தான் வண்டியில் சொன்னான். படகில் சொட்டு அதிகமாகிவிட்டது, சனிக்கிழமை துரைசானி வருகிறார்கள், மேஸ்திரி வைத்துப் பார்த்த எந்த ஸ்பேனரும் உட்காரவில்லை. காலையில் இவன் எங்கள் லைனுக்குப் போய்க் கேட்டிருக்கிறான். முனியம்மா வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாள். அதை அவன் அப்படியே போய்த் துரையிடம் சொன்னானாம், எனக்கும் அப்படியே சொன்னான்:

"ஸ்பேனரு அவருகிட்டதான் கீது, அவரு கீழ லெவல்ல கீறாரு. அவர மேல எடுத்தீங்கன்னா, ஸ்பேனரும் கூடவே வந்துடும்."

மேஸ்திரியின் மச்சானும் அடுத்த வருஷம் கரண்டு மோட்டார் வந்தபோது மேலே வந்துவிட்டான், அதனால் யாருக்கும் யார்மேலும் கோபம் மிச்சமில்லை. பதினோரு வருஷம் நான் கீழே இருந்து தண்ணியை மேலே இழுத்தேன். அரிசிப் பானையில் கிடந்த ஸ்பேனரைப் பற்றி ஒரே ஒரு பொய்யைச் சொல்லி, முனியம்மா என்னை மேலே இழுத்துப் போட்டுவிட்டாள்.